யூஎஸ்பி மைனர் வாங்கும் முன்: ஐந்து வோல்ட்டில் கரைந்த என் பணமும் மாலைகளும்

யூஎஸ்பி மைனர், அதாவது கணினியின் யூஎஸ்பி போர்ட்டில் செருகும் குச்சி மாதிரியான கருவி, வாங்கி வீட்டில் பிட்காயின் எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். நன்றாக ஓடும் ஒரு குச்சி நொடிக்கு 300 கிகாஹாஷ் தரும், அதாவது விடை தேடி 30,000 கோடி முயற்சி செய்யும். உலகம் முழுவதும் பிட்காயினுக்காக ஓடும் இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து 600 எக்ஸாஹாஷ் (ஒரு எக்ஸாஹாஷ் நூறு கோடி கிகாஹாஷ்) என்று வைத்துக்கொள்வோம். 2024இல் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது ஏறத்தாழ அந்த அளவில்தான் இருந்தது. அப்படியென்றால் உங்கள் பங்கு 200 கோடியில் ஒன்று. பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு, அதற்கான விடையை முதலில் கண்டுபிடிப்பவருக்கு வெகுமதி), நாளைக்கு 144 பிளாக், ஒவ்வொன்றுக்கும் வெகுமதி 3.125 பிட்காயின். மொத்தம் 450 பிட்காயினில் உங்களுக்கு வருவது 22 சதோஷி. ஒரு பிட்காயினில் பத்துக் கோடி சதோஷி. பிட்காயின் 80,000 சிங்கப்பூர் வெள்ளி விற்றால்கூட அந்த 22 சதோஷி இரண்டு காசு பெறாது. அதே குச்சி இழுக்கும் மின்சாரத்துக்கு நாளைக்கு எட்டு, ஒன்பது காசு ஆகும். நான் வாங்கிய 2023இல் வெகுமதி 6.25 பிட்காயினாக இருந்தது, போட்டியும் குறைவு. ஆனால் பிட்காயின் விலை 2024இல் இருந்ததில் பாதிகூட இல்லை. அதனால் அன்றைக்கும் நிலைமை பெரிதாக வேறு இல்லை. அதன்பின் 2024 ஏப்ரலில் வெகுமதி பாதியானது.

இதைத் தெரிந்துகொண்டும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்த ரகம்தான். பிட்காயினைப் பற்றிப் படித்துக்கொண்டே இருப்பதைவிட, ஒரு சிப்பை என் கையால் ஓடவிட்டு, அது கண்டுபிடிக்கும் விடைகள் திரையில் ஒவ்வொன்றாக வந்து விழுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் வேறு இடத்தில். குச்சியின் விலையைச் சொல்கிறார்கள், ஹாஷ்ரேட்டைச் சொல்கிறார்கள். அதற்குச் சரியான மின்சாரம் கொடுப்பதும் சூட்டை இறக்குவதும் எவ்வளவு பெரிய வேலை என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்குப் பணம் போனதும் தூக்கம் போனதும் அங்கேதான். கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அலுவலகத்தில் கிரிப்டோ என்றாலே காசு போட்டு இழந்த கதைகள்தான் வரும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் வாங்கியது கெக்கோசயன்ஸ் காம்பாக் எஃப் என்ற மாடலில் மூன்று குச்சிகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிஎம்1397 சிப். மைனர் தயாரிக்கும் பிட்மெயின் நிறுவனம் தன்னுடைய ஆன்ட்மைனர் எஸ்17 இயந்திரங்களில் போட்ட அதே சிப். பொருள் தரமானது, அதில் எனக்குக் குறையே இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததால் அஞ்சல் செலவும் பொருள் சேவை வரியும் சேர்ந்தன. முன்பெல்லாம் 400 வெள்ளி வரை விமான அஞ்சலில் வரும் பொருளுக்கு வரி இல்லை. 2023 ஜனவரியிலிருந்து மலிவான பொருளுக்கும் வரி உண்டு, 2024இல் அது 9 விழுக்காடாகவும் ஆகிவிட்டது. விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றும் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது 840 வெள்ளி ஆகியிருந்தது.

வாங்குவதற்கு முன் தேடியபோது இணையக் கடைகளில் வேறு பலவும் கண்ணில் பட்டன. அறுபது எழுபது வெள்ளிக்கு ஒரு யூஎஸ்பி குச்சி, நூறு டெராஹாஷ் (ஒரு டெராஹாஷ் ஆயிரம் கிகாஹாஷ்) என்று போட்டிருப்பார்கள். இவற்றைப் பிடிக்க ஒரே சோதனை போதும்: வாட்டைக் கேளுங்கள். 2023இல் அறிவிக்கப்பட்ட ஆன்ட்மைனர் எஸ்21 தொழில்முறை இயந்திரம். அது 200 டெராஹாஷுக்கு 3,500 வாட் எடுக்கிறது. அந்தத் திறனில் பார்த்தால்கூட நூறு டெராஹாஷுக்கு 1,750 வாட் வேண்டும். ஒரு சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் கொடுப்பது 2.5 வாட், 3.0 போர்ட் 4.5 வாட். மீதி மின்சாரம் எங்கிருந்து வரும்? அந்த மாதிரிப் பொருளுடன் வரும் மென்பொருளை உங்கள் கணினியில் நிறுவுவது அந்த அறுபது வெள்ளியை இழப்பதைவிட ஆபத்து. பிட்காயின் வைத்திருக்கும் உங்கள் வாலட்டையே அது காலி செய்துவிடக்கூடும். (எஸ்21 போன்ற பெரிய இயந்திரத்தை வீட்டில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். நம் வீட்டு 13 ஆம்ப் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது ஏறத்தாழ 3,000 வாட்தான். சத்தமும் தாங்காது. அந்த யோசனையே வேண்டாம்.)

சரி, இப்போது ஹப், அதாவது ஒரு யூஎஸ்பி இணைப்பைப் பல போர்ட்டுகளாகப் பிரிக்கும் பெட்டி. என் கதையில் மிக மோசமான பகுதி இதுதான். காம்பாக் எஃப் போன்ற குச்சி நன்றாக ஓட வேண்டுமானால் ஒரு போர்ட்டில் பத்து, பன்னிரண்டு வாட், அதாவது ஐந்து வோல்ட்டில் இரண்டு ஆம்புக்கு மேல் இடைவிடாமல் வர வேண்டும். கைப்பேசிக்குச் சார்ஜ் போடும்போது முதல் அரைமணி நேரம்தான் கரண்ட் அதிகம் போகும், பிறகு குறைந்துவிடும். மைனருக்கு அப்படிக் குறையும் நேரமே கிடையாது. இரவும் பகலும் ஒரே இழுப்பு. நான் உள்ளூர் இணையக் கடை ஒன்றில் ஏழு போர்ட் உள்ள ஹப் வாங்கினேன். விளம்பரத்தில் 60 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தது, கீழே ‘அதிக மின்சாரம் எடுக்கும் கருவிகளுக்கும் ஏற்றது’ என்றும் இருந்தது. மூன்று குச்சிக்கு 36 வாட்தானே, தாராளமாகத் தாங்கும் என்பது யாரும் போடக்கூடிய கணக்கு. ஆனால் 60 வாட் என்பது மொத்தத்துக்கு. ஒரு போர்ட்டுக்கு எவ்வளவு என்பது பெட்டியில் எங்கேயும் இல்லை.

முதல் சில நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு குச்சி மட்டும் அவ்வப்போது காணாமல் போகத் தொடங்கியது. சிஜிமைனர் என்ற மைனிங் மென்பொருளின் திரையில் அதன் வரிசையில் ‘ஸோம்பி’ என்று வந்து நிற்கும். கழற்றி மாட்டினால் மறுபடி ஓடும். மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்து அதை மாற்றுவதும் மறுபடி நிறுவுவதுமாகப் பல மாலைகள் போயின. வேலை முடிந்து செங்காங்குக்கு வந்து சேரவே ஏழரை ஆகிவிடும், அதன் பிறகு உட்கார்ந்தால் நள்ளிரவு. ஒருநாள் இரவு அம்மா என் அறைக்கதவைத் தட்டினார். “தம்பி, ஏதோ கருகுற மாதிரி வாசம் அடிக்குது பாரு. அடுப்பெல்லாம் அணைச்சாச்சே.” ஓடிப்போய்ப் பார்த்தால் ஹப்பின் மூன்றாவது போர்ட்டைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி உள்வாங்கியிருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுக் குச்சியை இழுத்தேன், வரவில்லை. ஆறிய பிறகு மெதுவாக ஆட்டி எடுத்தபோது அதன் யூஎஸ்பி முனையிலுள்ள நான்கு தகடுகளில் ஓரத்துத் தகடு கறுத்துப்போய், பக்கத்தில் பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்தது. ஐந்து வோல்ட் வரும் தகடு அதுதான். கை நடுங்கியது, மறைக்க ஒன்றுமில்லை. நாங்கள் இருப்பது பன்னிரண்டாவது மாடி. அம்மாவுக்கு முட்டி வலி. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் இது நடந்திருந்தால் என்று அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். இது வழக்கமான பயன்பாடு இல்லை என்று முதலில் பதில் வந்தது. அவர் விளம்பரத்தில் எழுதியிருந்ததையே படம் பிடித்து அனுப்பினேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை. ஹப்புக்குக் கொடுத்த 70 வெள்ளி போனது, குச்சியின் முனையை மாற்ற இன்னொரு 40 வெள்ளி. கோபத்தைவிட, பதில் சொல்லக்கூட ஆளில்லாத நிலைதான் என்னை அதிகமாக வாட்டியது. நீங்கள் ஹப் வாங்குவதாக இருந்தால் பணம் கொடுக்கும் முன்பே ‘ஒரு போர்ட்டுக்குத் தொடர்ந்து எத்தனை ஆம்ப்?’ என்று எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைச் சொல்லாமல் மழுப்புபவரிடம் வாங்க வேண்டாம்.

என்ன நடந்தது என்பது சிம் லிம் டவருக்குப் போன பிறகுதான் விளங்கியது. கணினி வாங்கப் போகும் சிம் லிம் ஸ்குவேர் இல்லை, ஜாலான் புசார் பக்கம் உதிரிப் பாகங்கள் விற்கும் கட்டடம். அங்கே ஒரு கடையில் வயதான சீனர் ஒருவர் இருந்தார். கருகிய ஹப்பை மேசையில் வைத்ததும் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே பலகையில் மின்சாரம் போகும் செம்புக் கோடு நூல் மாதிரி இருந்தது. “மொத்த வாட் எல்லாம் எனக்கு வேண்டாம், ஒரு போர்ட்டுக்கு எத்தனை ஆம்ப் என்று சொல்” என்றார். இரண்டரை என்றேன். “அங்கிள், அடாப்டரே பெரிதுதானே?” என்றதற்கு, அடாப்டர் பெரிதாக இருந்து என்ன பயன், வழி குறுகல் என்றார். குறுகலான வழியில் கரண்ட் போகும்போது வோல்ட் விழும். ஐந்து வோல்ட்டுக்குப் பதில் நாலரை வோல்ட் வந்தால், குச்சியில் இருக்கும் மின்மாற்றச் சுற்று தனக்கு வேண்டிய வாட்டைப் பெற இன்னும் அதிகக் கரண்ட் இழுக்கும். அதிகக் கரண்ட் போனால் அதே இடம் இன்னும் சூடாகும், இன்னும் வோல்ட் விழும். குச்சி முதலில் காணாமல் போனதும் பிறகு பிளாஸ்டிக் உருகியதும் ஒரே நோயின் இரண்டு கட்டம். அந்தக் குச்சி ‘ஸோம்பி’ ஆனபோதே அதைப் பிடித்திருக்க முடியும், அளக்கும் கருவி ஒன்று மட்டும் கையில் இருந்திருந்தால்.

அந்தக் கருவி யூஎஸ்பி மீட்டர். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும். ஹப்புக்கும் குச்சிக்கும் நடுவில் செருகினால் வோல்ட்டையும் ஆம்பையும் காட்டும். மைனர் வாங்கும் முன்பே இதை வாங்குங்கள் என்பேன். அந்தப் பழைய ஹப்பில் நல்ல நிலையில் இருந்த இன்னொரு போர்ட்டில், கடையிலேயே அவர் முன்னால் அளந்து பார்த்தோம். சும்மா இருக்கும்போது 5.1 வோல்ட். இரண்டு ஆம்ப் இழுத்ததும் 4.6க்கு இறங்கியது. புதிதாக வாங்கிய ஹப்பில் அதே இழுப்பில் 4.95க்குக் கீழே போகவில்லை. முழு இழுப்பில் 4.8 வோல்ட்டாவது நிற்காத போர்ட்டில் மைனரை விடாதீர்கள். அப்புறம், அது முதல் மணி நேரத்து அளவாக மட்டும் இருந்தால் போதாது. சூடேறிய பிறகு இன்னொரு தடவை பாருங்கள். ஒரு இரவு ஓடிய பின் போர்ட்டின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள், விரலை வைத்திருக்க முடியவில்லையென்றால் அந்த இணைப்பு சரியில்லை.

புதிய ஹப் 12 வோல்ட்டில் ஊட்டம் வாங்கி, தானே ஐந்து வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கும் வகை. அடாப்டரோடு சேர்த்து 150 வெள்ளி. இங்கே இரண்டு எச்சரிக்கை. முதலாவது, அடாப்டரில் சிங்கப்பூரின் சேஃப்டி மார்க் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு விற்கும் அடாப்டரில் அது கட்டாயம். தொழிற்கூடத்தில் பயன்படுத்தும் திறந்த பெட்டி மின்வழங்கி மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் அதில் 230 வோல்ட் திருகுகள் வெளியே தெரியும், வயதானவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அது வேண்டாம். இரண்டாவது அதிகம் பேசப்படாதது. சில மலிவு ஹப்கள் தங்கள் ஐந்து வோல்ட்டைக் கணினிப் பக்கத்துக்கும் திருப்பி அனுப்பிவிடும். சோதிக்க வழி எளிது. ஹப்பின் அடாப்டரைப் போட்டு, கணினிக்குப் போகும் கேபிளை ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் செருகுங்கள், பையின் சொந்த மின்சாரத்தைக் கொடுக்காதீர்கள். பையின் சிவப்பு விளக்கு எரிந்தால் ஹப் பின்வழியாக மின்சாரம் தள்ளுகிறது. அதை நல்ல லேப்டாப்பில் மாட்டாதீர்கள்.

மென்பொருள் பக்கம் நான் கடந்து வந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிஜிமைனர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கான் கோலிவாஸ் எழுதியது. இந்தக் குச்சிகளுக்கு வேறு சிலர் திருத்தி வைத்திருக்கும் பதிப்பு வேண்டும், பொதுவான பதிப்பு குச்சியைக் கண்டுகொள்ளாது. விண்டோஸில் ஜாடிக் என்ற சிறு கருவியால் குச்சியின் டிரைவரை வின்யூஎஸ்பி ஆக மாற்ற வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் விசைப்பலகை, மௌஸ் எல்லாமே வரும். தவறான வரியைத் தேர்ந்தெடுத்தால் அவை வேலை செய்யாமல் போய்விடும். எனவே குச்சியைக் கழற்றிப் பட்டியலைப் பாருங்கள், பிறகு செருகிப் பாருங்கள், புதிதாக வருவது எதுவோ அதுதான் குச்சி. விண்டோஸின் பாதுகாப்பு மென்பொருள் மைனர் கோப்பை ஆபத்தானது என்று அழித்துவிடும். அதற்காகப் பாதுகாப்பை முழுவதும் அணைக்கச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்கமாட்டேன். மைனர் என்ற பெயரில் வரும் திருட்டு நிரல்கள் ஏராளம். நான் கடைசியில் ராஸ்பெர்ரி பையில், மூல நிரலை எடுத்து அங்கேயே தொகுத்துக்கொண்டேன். ஒரு மாலை வேலைதான். என் சொந்தக் கணினியில் மைனர் சம்பந்தப்பட்ட எதுவும் இல்லை என்ற நிம்மதி அதற்கு ஈடு. லினக்ஸில் யூஎஸ்பி அனுமதி விதிக் கோப்பை அதற்குரிய இடத்தில் வைக்க மறந்தால் குச்சி தெரியாது, அவ்வளவுதான் சிக்கல்.

இனி ட்யூனிங், அதாவது சிப்பின் வேகத்தைச் சரிப்படுத்துவது. எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தச் சிப்பின் ஹாஷ்ரேட் ஒரு நேர்கோட்டுக் கணக்கு. பிஎம்1397இல் 672 சிறு கணிப்பகங்கள் உள்ளன. அதிர்வெண்ணை அதனால் பெருக்கினால் ஹாஷ்ரேட் வந்துவிடும். 200 மெகாஹெர்ட்ஸில் 134 கிகாஹாஷ், 400இல் 269, 450இல் 302. இது காகிதத்து எண். திரையில் இதற்குப் பக்கத்தில் வந்தால் சிப் ஆரோக்கியமாக இருக்கிறது. 450 கொடுத்தும் 240தான் வருகிறது என்றால் சிப் திணறுகிறது, அதிர்வெண்ணை இன்னும் ஏற்றுவதில் பயனில்லை. மின்செலவோ நேர்கோட்டில் ஏறாது. அதிர்வெண்ணோடு நேராகவும், வோல்ட்டேஜின் இருமடியோடும் ஏறும். பலகையில் ஒரு சின்னத் திருகு இருக்கும், சிப்புக்குப் போகும் வோல்ட்டேஜ் அதில்தான் மாறும். அதைப் பத்து விழுக்காடு ஏற்றினால் செலவு இருபது விழுக்காட்டுக்கு மேல் ஏறும், சூடும் அதே அளவு. அதனால் திருகில் முதலில் கை வைக்காதீர்கள்.

எனக்குப் பலன் தந்த முறை இது. 200 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி ஓர் இரவு ஓடவிட வேண்டும். பிறகு 25, 25 ஆக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் குறைந்தது இரண்டு மணி நேரம் விட வேண்டும். ஒவ்வொரு படியிலும் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மீட்டரில் வோல்ட், ஆம்ப், திரையில் ‘எச்டபிள்யூ’ என்ற வன்பொருள் பிழை, ‘டபிள்யூயூ’ என்ற எண். இந்தக் கடைசி எண் நிமிடத்துக்குச் சிப் செய்து முடித்த உண்மையான வேலை. அதில் 1 என்பது ஏறத்தாழ 71.6 மெகாஹாஷ், ஆகவே 300 கிகாஹாஷுக்கு 4,190 பக்கத்தில் வர வேண்டும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது அது கணக்குப்படி ஏறவில்லையென்றாலோ, சிப் பதில் தராமல் மென்பொருள் அதை அடிக்கடி மறுபடி தொடக்குகிறது என்று பதிவில் தெரிந்தாலோ, இரண்டு படி கீழே இறங்கி அங்கேயே விட்டுவிடுங்கள். என் மூன்று குச்சிகளும் ஒரே நாளில் ஒரே பெட்டியில் வந்தவை. ஒன்று 475 வரை சலனமில்லாமல் போனது, ஒன்று 450, கருகியதில் முனை மாற்றிய குச்சி 400க்கு மேல் போகவே இல்லை. வேறொருவர் சொல்லும் அதிர்வெண் உங்கள் சிப்புக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பூல் (பலர் சேர்ந்து மைனிங் செய்து வெகுமதியைப் பகிரும் குழு) தன் இணையப் பக்கத்தில் காட்டும் ஹாஷ்ரேட்டைப் பார்த்து ட்யூன் செய்யாதீர்கள். இதில் எனக்குப் போன நேரம் கொஞ்சமில்லை. பூல் உங்கள் குச்சியை நேராகப் பார்ப்பதில்லை, நீங்கள் அனுப்பும் பங்குகளை, அதாவது வேலை செய்ததற்குச் சான்றான எளிய விடைகளை, எண்ணித்தான் ஊகிக்கிறது. பங்கின் கடினம் 1,000 என்று வைத்தால் 300 கிகாஹாஷ் குச்சியிலிருந்து நிமிடத்துக்கு நான்கு பங்குதான் போகும். பங்கு கிடைப்பது அதிர்ஷ்டக் கணக்கு என்பதால் ஒரு விழுக்காடு துல்லியம் வேண்டுமானால் பத்தாயிரம் பங்காவது சேர வேண்டும். அதற்கே ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் எண் 220க்கும் 380க்கும் இடையே ஆடும், நாமும் அதைப் பார்த்துப் பதறி அமைப்பை மாற்றிக்கொண்டே இருப்போம். மாற்ற மாற்ற எது உண்மை என்றே தெரியாது.

சூட்டைப் பற்றி நம் ஊரில் கூடுதலாக யோசிக்க வேண்டும். குளிர்நாட்டுக்காரர் மேசைமேல் வைத்து ஓட்டுகிறார் என்றால் அவர் அறை இருபது பாகை. நம் அறை சன்னல் திறந்திருந்தாலும் முப்பது, முப்பத்தொன்று. அந்தப் பத்துப் பாகை அப்படியே சிப்பின் மேல் ஏறும். குச்சிக்கு நேராக ஒரு விசிறி கட்டாயம், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் உலோகத் தகடுகளுக்கு இடையே காற்று நுழையும் பக்கமாக வைக்க வேண்டும். விசிறிச் சத்தம் அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்ததால் எல்லாவற்றையும் வீட்டின் பாம் ஷெல்டர் என்ற பதுங்கு அறைக்குள் மாற்றினேன். 1997க்குப் பிறகு கட்டத் தொடங்கிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருக்கும் அதே தடித்த சுவர் அறை. சத்தம் அடங்கியது. ஆனால் வைஃபையும் அடங்கியது. அந்தக் கான்கிரீட்டையும் இரும்புக் கதவையும் தாண்டி அலை போகவில்லை. பத்துக்குப் பத்து அடிகூட இல்லாத அறையில் ஐம்பது வாட் இரவு முழுக்க எரிந்தால் காலையில் கதவைத் திறக்கும்போது அனல் அடிக்கும், அதிர்வெண்ணை இரண்டு படி இறக்க வேண்டியிருந்தது. கேபிள் இழுக்கச் சுவரில் துளை போடலாமா என்றால், அந்த அறையின் சுவரை இஷ்டத்துக்குத் துளைக்க அனுமதி கிடையாது. கடைசியில் கூடத்தில் ரவுட்டருக்குப் பக்கத்தில் உலோகத் தட்டு ஒன்றில் வைத்து, பெரிய விசிறியாக மாற்றி மெதுவாகச் சுழலவிட்டேன். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினால் சத்தம் குறைவு, காற்று நிறைய. கீழே உலோகத் தட்டு இருக்கட்டும், மரமோ துணியோ வேண்டாம்.

பூலா, தனியாகவா என்று எல்லோரும் கேட்பார்கள். தனியாக ஓடினால் ஒரு குச்சிக்கு ஒரு பிளாக் கிடைக்கச் சராசரியாக 38,000 ஆண்டு என்று கணக்கு வரும். பூலில் சேர்ந்தால் சதோஷி சதோஷியாகச் சேரும், ஆனால் கையில் கிடைக்கக் குறைந்தபட்சத் தொகை ஒன்று இருக்கும். அது 0.001 பிட்காயின் என்றால் மூன்று குச்சிக்கு நாலு ஆண்டு ஓட வேண்டும். சேரும் முன் அந்த வரியை மட்டும் தேடிப் படியுங்கள். நான் இப்போது கான் கோலிவாஸின் தனி மைனிங் தளத்தில் ஓட்டுகிறேன். கணக்குத் திறக்க வேண்டாம், நம் பிட்காயின் முகவரிதான் பயனர் பெயர், பிளாக் கிடைத்தால் 2 விழுக்காடு அவருக்கு. எதிர்பார்ப்பு எதுவும் இல்லாததால் மனம் லேசாக இருக்கிறது. முகவரியை ஒட்டியதும் முதல் ஆறு எழுத்தையும் கடைசி ஆறு எழுத்தையும் வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். நாம் நகலெடுத்த முகவரியை நடுவில் மாற்றிவிடும் திருட்டு நிரல் உண்டு.

மொத்தக் கணக்கு: குச்சிகள் 840, முதல் ஹப் 70, முனை மாற்றியது 40, புதிய ஹப்பும் அடாப்டரும் 150, விசிறிகளும் மீட்டரும் 45. சேர்ந்தால் 1,145 வெள்ளி. ராஸ்பெர்ரி பை முன்பே இருந்தது. மின்சாரம் பை, விசிறி, அடாப்டர் இழப்பு எல்லாம் சேர்ந்து ஐம்பது வாட். அதாவது மாதம் 36 யூனிட், யூனிட் 30 காசு என்றால் பதினோரு வெள்ளி. பூலில் இருந்திருந்தால் அதற்கு எதிரே மாதம் ஒன்றரை வெள்ளி வந்திருக்கும். தொடக்கத்திலேயே நல்ல ஹப்பும் மீட்டரும் வாங்கச் சொல்லி ஒருவர் இருந்திருந்தால் 110 வெள்ளி மிச்சம். அதைவிட, பாதி ஆண்டின் மாலைகளும் அந்த இரவின் பயமும் மிச்சமாகியிருக்கும். மாதம் பதினோரு வெள்ளியை ஒரு பொழுதுபோக்குக்குக் கொடுக்கலாம் என்று மனதாரத் தோன்றுபவர் வாங்கலாம். இதிலிருந்து ஏதாவது திரும்பி வரும் என்று கடன் அட்டையில் வாங்குபவரைக் கையைப் பிடித்துத் தடுப்பேன்.

இரண்டாம் கையாக வாங்குவதும் நல்ல வழிதான். பழைய பொருள்கள் விற்கும் கேரோசல் தளத்தில் இந்தக் குச்சிகள் அவ்வப்போது வருகின்றன. நேரில் போகும்போது மீட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். யூஎஸ்பி முனையின் தகடுகளை வெளிச்சத்தில் பாருங்கள், ஓரத்துத் தகடு பழுப்போ கறுப்போ இருந்தால் அது சரியில்லாத ஹப்பில் ஓடியது. வோல்ட்டேஜ் திருகின் தலை தேய்ந்திருந்தால் எந்த அதிர்வெண்ணில், எத்தனை மாதம் என்று கேளுங்கள். பிறகு விற்பவரின் கணினியிலேயே அரைமணி நேரம் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். 300 மெகாஹெர்ட்ஸில் 200 கிகாஹாஷ் வர வேண்டும். ஓட்டிக்காட்ட நேரமில்லை என்பவரிடம் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.